ஆய்வுப் பட்டம் பெற்றவரிடம் எதிர்பார்க்கப்படும் திறன்களும் பண்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுப் பட்டத்தில் சேர எண்ணுபவர்களும், பாதி வழியில் இருப்பவர்களும், முடித்துவிட்டு அடுத்த பணியைத் தேடுபவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. ஆய்வேடு ஒரு சான்று. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வாளர்கள் எடைபோடுவது அதை எழுதியவரை. தன்னிடம் உள்ள ஆதாரம் எதுவரை தாங்கும் என்று அறிந்து, அதுவரை துணிவாகவும் அதற்கு அப்பால் அடக்கமாகவும் பேசத் தெரிந்தவரா இவர் என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள்.

ஆய்வுப் பட்டம் மற்றப் பட்டங்களிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

பாடங்களைப் படித்துத் தேர்வெழுதிப் பெறும் பட்டத்தில் கேள்விக்கான விடை ஏற்கெனவே ஒருவருக்குத் தெரியும். மாணவர் அதை எவ்வளவு சரியாக எட்டுகிறார் என்பதே அளக்கப்படுகிறது. ஆய்வுப் பட்டத்தில் விடை யாருக்கும் தெரியாது, நெறியாளருக்கும் தெரியாது. பல வேளைகளில் கேள்வியே சரியாக அமைந்திருக்காது. அதைத் திருத்தி அமைப்பதும் மாணவரின் வேலையாகிறது. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்தோடு 1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகமும், அதைப் பின்பற்றிய பிற ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களும் இன்றைய முனைவர் பட்டத்துக்கு வடிவம் கொடுத்தன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் அதை வழங்கத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு 1917இல்தான் ஏற்றது.

முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பலர் கேட்கிறார்கள். முன்னதில் ஆய்வு முறையைப் பிழையின்றிக் கையாளத் தெரிந்திருப்பதே பெரும்பாலும் போதும். பின்னதில் துறையின் அறிவோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்க வேண்டும்.

எதிர்பார்க்கப்படும் திறன்களை யாராவது முறையாக வரையறுத்திருக்கிறார்களா?

வரையறுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் தங்கள் உயர்கல்வியை ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கதாக ஆக்கும் முயற்சியில், 2004இல் டப்ளின் விவரிப்புகள் எனப்படும் ஆவணத்தை உருவாக்கி, 2005இல் பெர்கன் மாநாட்டில் அதன் அடிப்படையிலான தகுதிச் சட்டகத்தை, அதாவது பட்டங்களை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் அமைப்பை, ஏற்றன. முனைவர் நிலையில் அது ஆறு செய்திகளைக் கேட்கிறது: துறையை ஒழுங்காகப் புரிந்துகொண்டு அதன் முறைகளில் தேர்ச்சி பெற்றிருத்தல், கணிசமான அளவுள்ள ஓர் ஆய்வை அறிவு நேர்மையோடு தானே திட்டமிட்டு நடத்தும் திறன், அறிவின் எல்லையை விரிக்கும் புதிய பங்களிப்பு, சிக்கலான புதிய கருத்துகளை ஆராய்ந்து மதிப்பிட்டு இணைக்கும் ஆற்றல், துறையினரோடும் பொதுச் சமூகத்தோடும் தன் துறையைப் பற்றி உரையாடும் திறன், தொழில்நுட்ப, சமூக, பண்பாட்டு முன்னேற்றத்துக்குத் துணைநிற்கும் ஆற்றல். ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தில் இது 8ஆம் நிலை, ஆஸ்திரேலியச் சட்டகத்தில் 10ஆம் நிலை. இரண்டிலும் அதற்கு மேல் வேறு நிலை கிடையாது.

பிரிட்டனில் வைட்டே என்ற அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வாளர் வளர்ச்சிச் சட்டகம் இன்னும் நுணுக்கமானது. அறிவும் அறிவாற்றலும், தன்னாளுமை, ஆய்வை நிர்வகித்தலும் ஒழுங்கமைத்தலும், பிறரோடு இணைந்து தாக்கம் உண்டாக்குதல் என்று நான்கு பெரும்பிரிவுகளில் 63 திறன்களையும் பண்புகளையும் அது அடுக்கியது. இத்தகைய பட்டியல்கள் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளப் பயன்படும். ஆனால் 63 கட்டங்களிலும் குறியிடுவதையே இலக்காகக் கொண்டு பயிலரங்கு பயிலரங்காக அலையும் மாணவர், ஆய்வுக்கு வேண்டிய நேரத்தை அதில் இழந்துவிடுவார் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் திறன்களில் பெரும்பாலானவை ஆய்வை ஒழுங்காகச் செய்யும்போது தாமாகவே உருவாகின்றன.

‘புதிய பங்களிப்பு’ எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும்?

இந்தச் சொல்லைக் கண்டு அஞ்சியே பலர் முதல் ஆண்டை வீணாக்குகிறார்கள். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று தமிழ் இலக்கண மரபில் ஒரு பாகுபாடு உண்டு. வழிநூல் முன்னதன் முடிவை ஏற்றுக்கொண்டு, வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துக்கொண்டு நடப்பது. நல்ல ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இத்தகையவையே. அறிந்த முறையைப் புதிய தரவின்மேல் செலுத்துதல், அறிந்த தரவைப் புதிய முறையால் ஆராய்தல், இரு துறைகள் தனித்தனியாகப் பேசிவந்த ஒன்றை இணைத்துக் காட்டுதல், எல்லோரும் நம்பிய ஒரு முடிவு எந்தச் சூழலில் பொருந்தவில்லை என்று நிறுவுதல் ஆகிய எல்லாமே பங்களிப்புகள்தாம்.

அளவைவிட முக்கியமானது, அந்தப் பங்களிப்பு எது என்பதை ஆய்வாளரே இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா என்பது. ‘இதற்கு முன் இவ்வளவு தெரியும், இப்போது இது கூடுதலாகத் தெரியும், இந்தக் காரணத்தால் நம்பலாம்’ என்று சொல்ல முடியாதவரின் ஆய்வேடு எத்தனை பக்கம் நீண்டாலும், தேர்வாளர் அதற்குள் நுழைந்து பங்களிப்பைத் தேட வேண்டியிருக்கும். தேடும் தேர்வாளர் எப்போதும் ஐயத்தோடுதான் தேடுவார்.

ஒரே ஒரு திறனை முதன்மையானதாகச் சொல்ல வேண்டுமென்றால் எது?

தேர்ந்து தெளியும் ஆற்றல். எதைப் பொருட்படுத்த வேண்டும், எதைத் தள்ளலாம், எதை இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆற்றலைச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் இதற்கென்று ஒரு தாள் வைக்க முடியாது. எனவே ஓர் எடுத்துக்காட்டின் வழியாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

1967இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோசலின் பெல் என்ற முனைவர் பட்ட மாணவி, தாமும் உழைத்துக் கட்டிய வானொலித் தொலைநோக்கியிலிருந்து வந்த பதிவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தில் கோடு வரைந்து தள்ளியது. அதைக் கண்ணால் பார்த்தே பகுப்பாய்வு செய்ய வேண்டும். அவருடைய ஆய்வுப் பொருள் குவாசார்கள், அதாவது மிகத் தொலைவில் இருந்து வலுவாக ஒளிரும் விண்பொருள்கள். அந்தக் காகிதத்தில் குவாசாரும் அல்லாத, பூமியிலிருந்து வரும் குறுக்கீடும் அல்லாத ஒரு சிறு கிறுக்கலை அவர் கவனித்தார். வானத்தின் அதே பகுதியிலிருந்து முன்பும் அப்படி ஒன்று வந்ததாக அவருக்கு நினைவு வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டி அதை உறுதிசெய்தார். மனிதர்கள் உண்டாக்கிய சமிக்ஞையாக இருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டபோது, அது நம் கடிகார நேரத்தை அல்லாமல், விண்மீன்கள் வானில் நகரும் நேரக் கணக்கைப் பின்பற்றி வருவது காட்டப்பட்டது. வேகமாக ஓடும் காகிதத்தில் பதிவு செய்தபோது 1.3 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் சீரான துடிப்பு தெரிந்தது. வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பைக் கண்டபின்னரே, இது இயற்கையில் உள்ள ஒரு புதிய வகைப் பொருள் என்ற முடிவு வலுப்பெற்றது. அவையே இன்று பல்சார்கள் எனப்படுகின்றன.

ஒழுங்கற்ற ஒன்றைக் கண்டதும் அதை ஒதுக்கிவிடாமை, முன்பு பார்த்ததோடு அதைப் பொருத்தும் நினைவு, எளிய விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கும் பொறுமை, தன்னைவிட மூத்தவர்களின் ஐயத்தைச் சான்றால் எதிர்கொள்ளும் உறுதி ஆகிய நான்கும் இந்த நிகழ்வில் ஒன்றாக இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு தம் ஆய்வேட்டில் குவாசார் ஆய்வையே முதன்மையாக வைத்து, பல்சார்களைப் பின்னிணைப்பில் சேர்த்தார். அந்தக் கண்டுபிடிப்பையும் முன்னிட்டு 1974இல் வழங்கப்பட்ட நோபல் பரிசில் அவர் பெயர் இடம்பெறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாணவர்களின் பங்கைப் பதிவு செய்வதில் ஆய்வுலகம் காட்ட வேண்டிய நேர்மை பற்றிய கேள்வி இன்றும் அதிலிருந்தே எழுப்பப்படுகிறது.

ஆய்வு முறைகளிலும் புள்ளியியலிலும் எவ்வளவு ஆழம் தேவை?

தான் பயன்படுத்தும் முறை எந்த எடுகோள்களின்மேல் நிற்கிறது, அவை தம் தரவுக்குப் பொருந்துமா என்று சொல்லும் அளவுக்காவது தேவை. மென்பொருளில் பொத்தானை அழுத்தி எண்ணைப் பெறுவது எவருக்கும் முடியும். விளைவே இல்லாதபோதும் தற்செயலால் தவறாக ‘விளைவு உண்டு’ என்று சொல்லிவிடும் வாய்ப்புக்கு 5 விழுக்காட்டு வரம்பை வைத்துக்கொண்டு, உண்மையில் எந்த விளைவும் இல்லாத 20 கருதுகோள்களைத் தனித்தனியாகச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாக ‘குறிப்பிடத்தக்க’ முடிவாக வந்து நிற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. இதை அறிந்தவர் எத்தனை சோதனைகள் செய்தார் என்பதை மறைக்காமல் எழுதுவார். அறியாதவர் தற்செயலைக் கண்டுபிடிப்பாக அறிவித்துவிடுவார். உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்து 2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்றில், முதல் ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடே அப்படிக் காட்டின. ஏமாற்று வேலை எதுவும் இல்லாமலேயே, முறையில் காட்டும் தளர்ச்சியால் ஒரு துறையின் அடித்தளம் இவ்வளவு நலியலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம்பிக்கை தரும் நிகழ்ச்சியும் உண்டு. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக எதிர்மறையாகிவிடுகிறது என்று கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் எழுதிய கட்டுரை உலக அளவில் கொள்கை விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சியாக அந்தக் கணக்கை மீண்டும் செய்தபோது எண்கள் பொருந்தவில்லை. ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் வாய்பாட்டில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில தரவுகளைச் சேர்க்காமல் விட்ட முறையிலும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையிலும் கேள்விகள் எழுந்தன. தம் இரு பேராசிரியர்களோடு அவர் 2013இல் வெளியிட்ட மறுகணக்கில், எதிர்மறை 0.1 விழுக்காடு என்று இருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. மூல ஆசிரியர்கள் விரிதாள் பிழையை ஒப்புக்கொண்டார்கள். கடன் மிகும்போது வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் பொது முடிவைத் தொடர்ந்து காத்துப் பேசினார்கள். இரு தரப்பும் தரவை மேசையின்மேல் வைத்துக்கொண்டு வாதிட முடிந்ததற்குக் காரணம், கேட்ட மாணவருக்கு அந்த விரிதாள் கொடுக்கப்பட்டதுதான். ஆகவே தரவை ஒழுங்காகப் பெயரிட்டு, குறிப்பெழுதி, பிறர் திறந்து பார்க்கத்தக்கதாக வைத்திருப்பதும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படும் ஆய்வுத் திறன்களில் ஒன்றே.

ஆய்வு நேர்மை என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

இல்லாத தரவைப் படைத்தல், உள்ள தரவைத் திரித்தல், பிறர் எழுத்தையோ கருத்தையோ தனதாகக் காட்டுதல் ஆகிய மூன்றும் எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பெருங்குற்றங்கள். இவற்றைச் செய்யாதிருப்பது குறைந்தபட்ச நிலை. ஐரோப்பிய ஆய்வு நேர்மை நெறிமுறை நம்பகத்தன்மை, நேர்மை, மதிப்பு, பொறுப்புக்கூறல் என்று நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. அவற்றில் மதிப்பு என்பது உடன் உழைப்பவர்களையும், ஆய்வில் பங்கேற்பவர்களையும், சமூகத்தையும், சூழலையும் சேர்த்தே குறிக்கிறது. நேர்காணலுக்கு இசைந்த ஒருவரின் அடையாளத்தைக் காப்பதும், உழைத்த ஒருவரின் பெயரைக் கட்டுரையில் விடாதிருப்பதும், உழைக்காத மூத்தவரின் பெயரைச் சேர்க்கச் சொல்லும் அழுத்தத்துக்கு இணங்காதிருப்பதும் இதில் அடங்கும்.

கடைசியாகச் சொன்னது கடினம் என்பதை அறிவேன். மாணவரின் எதிர்காலம் மூத்தவரின் கையில் இருக்கும்போது அவரிடம் மட்டும் துணிவைக் கேட்பது முறையாகாது. யார் எதைச் செய்தார்கள் என்பதை 14 பங்குகளாகப் பிரித்துப் பதிவு செய்யும் கிரெடிட் என்ற வகைப்பாட்டைப் பல ஆய்விதழ்கள் இப்போது கேட்கின்றன. அந்தப் பட்டியலை ஆய்வின் தொடக்கத்திலேயே எடுத்துவைத்துப் பேசிவிட்டால் பிற்காலச் சிக்கல் பெருமளவு குறையும்.

தனித்து இயங்கும் திறன் என்றால் நெறியாளர் இல்லாமல் செய்வதா?

இல்லை. நெறியாளரிடம் ‘அடுத்து என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ‘இந்த இரண்டு வழிகள் இருக்கின்றன, இந்தக் காரணத்தால் இரண்டாவதைத் தேர்கிறேன், உங்களுக்கு இதில் என்ன தடை தோன்றுகிறது?’ என்று கேட்கத் தொடங்கும் நாளில் தனித்தன்மை பிறந்துவிட்டது. சில நெறியாளர்கள் இந்த மாற்றத்தை விரும்பாமலிருக்கலாம். ஆனால் அதை வளர்ப்பதே அவர்களுடைய முதற்கடமை. தனக்குத் தெரியாத முறையை அறிந்த வேறொருவரைத் தேடிச் சென்று உதவி கேட்பதும், அந்த உதவியை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் தனித்து இயங்கும் திறனில் சேரும்.

எழுத்தும் பேச்சும் எந்த அளவுக்கு எதிர்பார்க்கப்படுகின்றன?

மூன்று வகைக் கேட்போரிடம் பேசத் தெரிய வேண்டும்: தன் ஆய்வுப் பொருளில் வல்லவர், துறைக்குள் இருந்தாலும் அந்தப் பொருளை அறியாதவர், துறைக்கே புறம்பானவர். இவர்களில் இரண்டாம் வகையினரையே பலர் மறந்துவிடுகிறார்கள். நிதி ஒதுக்கும் குழுக்களிலும் பணியமர்த்தும் குழுக்களிலும் பெரும்பாலும் அமர்ந்திருப்பவர்கள் அவர்கள்தாம். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி, அசையாத ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்குள் ஆய்வைப் பொது அவைக்கு விளக்கச் சொல்கிறது. பரிசு வராவிட்டாலும் அந்தப் பயிற்சி நல்லது. மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாமல் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஆய்வேட்டிலேயே தெளிவில்லாத இடமாக இருக்கிறது.

எழுத்தில் நான் முதலில் பார்ப்பது வினைமுற்றுகளை. ‘காட்டுகிறது’, ‘உணர்த்துகிறது’, ‘நிறுவுகிறது’, ‘இருக்கக்கூடும்’ ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடிய சொற்கள் அல்ல. சான்றின் வலிமைக்கேற்ப இவற்றைத் தேர்ந்து எழுதும் ஆய்வாளரைத் தேர்வாளர் சில பக்கங்களிலேயே நம்பத் தொடங்கிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இந்த எதிர்பார்ப்புகள் மாறிவிட்டனவா?

எழுதித் தரும் கருவி இருப்பதால் எழுத்துத் திறன் தேவையில்லை என்ற எண்ணம் பரவுகிறது. இந்தக் கருவிகள், உண்மையில் எழுதப்படவே இல்லாத கட்டுரைகளையும் இருப்பவைபோல ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்து மேற்கோள் காட்டக்கூடியவை. அதை இனங்காண, மூலத்தைத் திறந்து படிக்கும் பழக்கம் உள்ளவரால்தான் முடியும். வெளியீட்டு நெறிமுறைக் குழு 2023இல் இந்தக் கருவிகளை ஆசிரியராகக் குறிக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அவற்றால் இயலாது என்பதே காரணம். பொறுப்பு முழுவதும் ஆய்வாளரிடமே நிற்கிறது. எங்கே பயன்படுத்தினோம் என்று சொல்லிவிடுவதும், தான் விளக்க முடியாத ஒரு வரியையும் ஆய்வேட்டில் விடாதிருப்பதும் இப்போது அடிப்படை எதிர்பார்ப்புகளாகிவிட்டன.

எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், துறைக்குத் துறை இது மாறும். உரிய விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்விதழின் தாக்க எண்ணை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வைத்துத் தனி ஆய்வாளரின் தரத்தை அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை வலியுறுத்துகிறது. நானும் அதையே நம்புகிறேன்.

ஆய்வு தோல்வியடைந்தால் பட்டம் கிடைக்காதா?

கருதுகோள் பொய்த்துப்போவது தோல்வி அன்று. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட ஆய்வில் ‘விளைவு இல்லை’ என்பதும் ஒரு முடிவு. இன்னொருவர் அதே வழியில் நடந்து காலத்தை இழக்காமல் அது காக்கிறது. உண்மையான தோல்வி, வடிவமைப்பிலேயே இருந்த குறையால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாமல் போவது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருப்பதும் பட்டதாரியின் பண்புகளில் ஒன்று.

மாதக்கணக்கில் எதுவும் நடக்காத காலங்கள் எல்லா ஆய்விலும் வரும். அப்போது வேண்டியது மனவுறுதி மட்டும் என்று சொல்லிவிடுவது மாணவருக்குச் செய்யும் தீங்கு. ஓய்வும், பேசக்கூடிய தோழமையும், தேவைப்பட்டால் மருத்துவ உதவியும் வேண்டும். உதவி கேட்டவர் தகுதி குறைந்தவர் என்று எண்ணும் ஆய்வுச் சூழல் தன் மாணவர்களை ஏமாற்றுகிறது.

வாய்மொழித் தேர்வில் இவற்றை எப்படி அளக்கிறார்கள்?

தடையும் விடையுமாக அளக்கிறார்கள். இந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள், வேறு எதை விலக்கினீர்கள், உங்கள் முடிவுக்கு எதிரான மிக வலுவான வாதம் எது, மீண்டும் தொடங்கினால் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விகள் ஏதாவதொரு வடிவில் வந்தே தீரும். கடைசிக் கேள்விக்கு ‘எதையும் மாற்றமாட்டேன்’ என்பதே மிக மோசமான விடை. ஆய்வேட்டில் ஒரு குறையைத் தேர்வாளர் சுட்டும்போது, அதை ஒப்புக்கொண்டு, அது எந்த முடிவைப் பாதிக்கிறது, எதைப் பாதிக்கவில்லை என்று பிரித்துச் சொல்பவர் தாம் முனைவர் என்பதை அந்த இடத்திலேயே நிறுவிவிடுகிறார்.

கல்வித்துறைக்கு வெளியே பணி தேடும்போது இந்தத் திறன்களை எப்படி எடுத்துரைப்பது?

ஆய்வுத் தலைப்பைச் சொல்வதால் பயன் குறைவு. செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ‘நான்கு ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தினேன், இரண்டாம் ஆண்டில் தரவு கிடைக்காமல் போனபோது திட்டத்தை மாற்றி அமைத்தேன், ஒன்றுக்கொன்று முரண்பட்ட ஆதாரங்களிலிருந்து முடிவெடுத்து அதை மூன்று குழுக்களின் முன் காத்துப் பேசினேன்’ என்பது எந்த நிறுவனத்துக்கும் புரியும். விளக்க அறிக்கை எழுதுதல், இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தல், நிதிக்கணக்கைப் பார்த்தல் போன்ற, ஆய்வேட்டில் ஒரு வரியும் பெறாத வேலைகளை நடந்த அன்றே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பம் எழுத உட்காரும்போது அவை நினைவுக்கு வருவதில்லை.

பட்டம் பெற்ற பிறகு எந்தத் திறன் முதலில் மங்குகிறது?

நான் பார்த்த வரையில், பிறர் ஆய்வைப் பொறுமையாகப் படிக்கும் திறன். முனைவர் பட்டக் காலத்தில் ஒரு கட்டுரையின் அட்டவணைகளை வரிவரியாகச் சரிபார்த்தவர்கள், பணிச்சுமை ஏறியதும் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படிக்கத் தொடங்குகிறார்கள். ஆய்விதழ்களுக்கு மதிப்பாய்வு செய்து கொடுக்க ஒப்புக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. ஆண்டுக்கு இரண்டு மூன்று கட்டுரைகளையாவது, எழுதியவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி, அவருடைய வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் முதலில் சுருக்கி எழுதிவிட்டு, அதன் பிறகு தடைகளை எழுதிப் பாருங்கள்.